ஐந்து நிமிடம், ஸ்பீக்கரில்: ஓர் உறைவிடப் பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும்,

அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட அன்று, கேட்டிலேயே ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்து எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கினீர்கள். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இனி மாதாந்திர விசிட்டிங் ஞாயிறு கிடையாது. மார்ச்சில் பொதுத்தேர்வு, பிறகு மே மாதம் நீட், அது முடியும் வரை பெற்றோர் வளாகத்துக்குள் வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் போன் பேசலாம், வார்டன் அறையில், ஸ்பீக்கரில், பதிவு செய்த ஒரே எண்ணோடு மட்டும். வீட்டில் சாவோ, நோயோ, பணக் கஷ்டமோ எது நடந்தாலும் நிர்வாகத்தைக் கேட்காமல் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. பெற்றோரின் தேவையற்ற உணர்ச்சிப் பேச்சு மாணவர்களின் கவனத்தைக் கெடுக்கிறது என்று காரணமும் எழுதியிருந்தீர்கள்.

எனக்குப் பின்னால் நீண்ட வரிசை. கையெழுத்துப் போடாவிட்டால் பெட்டியை உள்ளே விட மாட்டோம் என்றார் அலுவலகத்தில் இருந்தவர். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி வாங்கிய கையெழுத்தைச் சம்மதம் என்று கணக்கில் வைக்காதீர்கள். நான் இதை ஏற்கவில்லை. மறுநாளே தபாலில் அனுப்பிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை என்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. என் மகள் இன்னும் உங்கள் வளாகத்தில்தான் இருக்கிறாள். அதோடு, இது உங்கள் பள்ளியில் மட்டும் நடக்கிற காரியமும் இல்லை. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குப் பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டிருக்கும் பல பெற்றோர்கள் இதே விதிகளை வேறு வேறு வார்த்தையில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். கணவர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள், உயிரியல் படிக்க ஆசைப்பட்டாள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தது. அதனால் உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தோம். பாடம் நன்றாக நடத்துகிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. இயற்பியல் ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமையும் வந்து சந்தேகம் தீர்க்கிறார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அவருக்கு என் நன்றி எப்போதும் உண்டு. நாங்கள் உங்களிடம் ஒப்படைத்தது அவளுடைய படிப்பை. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பதை ஒப்படைக்கவில்லை.

அது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுற்றறிக்கையைத் தயாரித்தவர்கள் பெற்றோர் என்றதும் முப்பது வருஷத்துக்கு முந்தைய பெற்றோரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

என் அப்பா என்னோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியதில்லை. எது கேட்க வேண்டுமானாலும் அம்மாவிடம், "அவ பரீட்ச எப்பன்னு கேளு" என்பார். நான் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன். பாசமில்லாதவர் இல்லை. நான் வயசுக்கு வந்த பிறகு மகளோடு பேசுவது அப்பாவுக்குரிய வேலையில்லை என்று ஊரே நினைத்தது, அவரும் நினைத்தார். நான் வயிற்று வலியில் சுருண்டு கிடந்தால் டவுனுக்குப் போய் மாத்திரை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுப்பார். எனக்கு என்ன வலி என்று கேட்டதே இல்லை. என் கல்யாணப் பேச்சும் அப்படியேதான் முடிந்தது. எனக்கு ஒரு விருப்பம் இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் மகளுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் இருப்பது வேறு. அவர் வெளிநாட்டில் இருப்பதால் பேச்சு மட்டும்தான் அவர்களுக்கு இருந்த ஒரே வழி. அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் போட்டிம் என்ற செயலியில் கூப்பிடுவார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசுவது பழக்கமானது. அன்றைக்குப் படித்த பாடத்தை அவருக்கு விளக்குவாள். சிறுநீரகத்தில் ரத்தம் எப்படி வடிகட்டப்படுகிறது என்பதை ஏசி பில்டரோடு ஒப்பிட்டு அவர் திருப்பிக் கேட்பார், இவள் "அப்டி இல்லப்பா" என்று சிரிப்பாள். ஒருநாள் மாதவிடாய் வலி என்று அவரிடமே சொன்னாள். வெந்நீர்ப் பையை எடுத்துக் கொடு என்று அவர் எனக்குச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்து எந்த அப்பாவும் மகளும் அப்படிப் பேசியதில்லை.

என்னோடு சண்டையும் போடுவாள். துப்பட்டா போடச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், தம்பிக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா என்பாள். கூடப் படிக்கும் பையன் ஒருவன் தனக்கு எழுதிய சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டி, என்னம்மா செய்வது என்று கேட்டாள். நான் அந்த வயதில் அதை என் அம்மாவிடம் காட்டியிருந்தால் மறுநாள் பள்ளிக்கூடமே நின்றிருக்கும். எங்கள் ஊரில் பல வீடுகளில் இந்த மாற்றம் மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை பெற்றோரிடம் மறுத்துப் பேசவும், பெற்றோர் காரணம் சொல்லவும் பழகுகிற காலம் இது. இரண்டு பக்கத்துக்கும் இது புதுசு. எங்களுக்கு இதை யாரும் செய்து காட்டியதில்லை, பேசிப் பேசித்தான் கற்றுக்கொள்கிறோம். அந்தப் பேச்சைத்தான் நீங்கள் நிறுத்துகிறீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் மேடையில் ஒன்று சொன்னீர்கள், தாளாளர் ஐயா. "தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பதெல்லாம் ப்ளஸ் டூவுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை பிள்ளை பள்ளிக்குச் சொந்தம்" என்று. பலர் கை தட்டினார்கள். அப்புறம் வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் நான் பார்த்தது.

முதலில் போன் விஷயம். வார்டன் மேசை மேல் போன் இருக்கும், ஸ்பீக்கர் போட்டிருக்கும், பக்கத்தில் அடுத்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், மதிப்பெண் பட்டியலோடு அலுவலகத்து ஆண் ஊழியர் ஒருவரும் உட்கார்ந்திருப்பார். போன ஆண்டு முதல் இதுதான் நடைமுறை, சுற்றறிக்கை இப்போது அதை எழுத்தில் கொண்டுவந்திருக்கிறது. தீபாவளி விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்தபோதுதான், அவளுக்கு மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வாராவாரம் போனில் "நல்லாருக்கேம்மா" என்றுதான் சொன்னாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்த சார் முன்னாடி எப்பிடிம்மா சொல்றது?" என்றாள்.

புதுக்கோட்டையில் மகப்பேறு மருத்துவரிடம் காட்டினோம். பயப்பட ஒன்றுமில்லை, தூக்கக் குறைவும் மன அழுத்தமும் காரணமாக இருக்கலாம் என்றார். எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று கேட்டார். பத்தே முக்காலுக்கு விளக்கை அணைப்பார்கள், நாலரைக்கு மணி அடிப்பார்கள் என்றாள். ஆறு மணி நேரம்கூட இல்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்வது. அந்த வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகிறது, தூக்கம் தாமதமாக வரும், விடியலில் சீக்கிரம் எழுவது கஷ்டம் என்றும் அவர் விளக்கினார். நேரம் மாற்றுவதைப் பற்றி நீங்கள் தனியே யோசிக்க வேண்டும். நான் இங்கே சொல்ல வருவது, ஒரு பெண் பிள்ளைக்கு உடம்பில் ஒரு கோளாறு என்றால் முதலில் தெரிய வேண்டியவள் தாய். அதைச் சொல்ல வழியில்லாத போன் எதற்கு?

அவள் அப்பா விஷயம் இன்னும் மோசம். பதிவு செய்த எண் ஒன்றுதான், அது என்னுடையது. வெளிநாட்டு எண்ணை ஏற்க மாட்டோம், இணைய வழி அழைப்பும் கிடையாது என்றுவிட்டீர்கள். மகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால்தான் அவர் பேச முடியும். ராத்திரி தினமும் பேசிக்கொண்டிருந்த இருவரும் போன தீபாவளிக்குப் பேசியபோது என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்டியாம்மா", "ம்", "நல்லா படி", "சரிப்பா" என்று முடித்துக்கொண்டார்கள். வெட்கமோ கோபமோ எனக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகு அவர் எனக்குத் திரும்பக் கூப்பிட்டு, "எங்கிட்ட எதாச்சும் கோவமா இருக்காளா?" என்று கேட்டார்.

அடுத்து மதிப்பெண். ஒவ்வொரு மாலையும் ஸ்லிப் டெஸ்ட் மதிப்பெண் குறுஞ்செய்தியாக வருகிறது. சனிக்கிழமை நீட் மாதிரித் தேர்வு, 720க்கு எவ்வளவு, வகுப்பில் எத்தனையாவது ரேங்க், போன வாரத்தை விட ஏற்றமா இறக்கமா. அதோடு, "ஞாயிறு அழைப்பில் மதிப்பெண் குறித்து உங்கள் பிள்ளையிடம் கண்டிப்புடன் பேசவும்" என்று ஒரு வரி. நான் பேசாமல் விட்டால் மேசையில் இருப்பவர், "கெமிஸ்ட்ரி மார்க் கேளுங்கம்மா" என்று குரல் கொடுக்கிறார். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அதற்கே போய்விடுகிறது. மதிப்பெண் குறைந்தால் கேள்வி கேட்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள், தேர்வு இருக்கிறது, ரேங்க் பட்டியல் இருக்கிறது. தம்பி சைக்கிளில் விழுந்ததையும், எங்கள் பசு கன்று போட்டதையும், அவளுக்குப் பிடித்த சித்தி வந்து போனதையும் சொல்ல அவளுக்கு நான் ஒருத்திதான். வீட்டுச் செய்தி சொன்னால் ஏக்கம் வரும் என்கிறீர்கள். ஏக்கம் செய்தியால் வருவதில்லை, அவள் பதினேழு வயதில் வீட்டை விட்டு இருக்கிறாள், அதனால் வருகிறது. செய்தி தெரியாதபோது அது கூடத்தான் செய்யும்.

ஒரு வேண்டாத காரியம் எனக்குள்ளும் நடப்பதைப் பார்க்கிறேன். மாலை ஆறு மணிக்கு செல்போன் சத்தம் கேட்டால் வயிறு இறுகுகிறது. மகள் நினைப்பு வந்தாலே கூடவே ஒரு எண் வருகிறது. என்னைப் போலவே இருப்பதாகப் பல தாய்மார்கள் சொன்னார்கள். இத்தனை வருஷமாக நாங்கள் பார்த்து வளர்த்த பிள்ளையை 720க்கு இத்தனை என்று மட்டும் எங்களுக்கு அறிமுகம் செய்கிறீர்கள்.

மூன்றாவதாகச் சொல்வது என் வீட்டுக் கதை இல்லை. அந்தத் தகப்பனாரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். லாரி ஓட்டுகிறார், ஒரே மகன், உங்கள் பள்ளியில் போன ஆண்டு ப்ளஸ் டூ. மனைவி சின்ன வயதிலேயே இறந்துவிட, அந்தப் பையனை வளர்த்தது அவர் தாயார், அதாவது பையனின் அப்பாயி. பொதுத்தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த அம்மா காலமானார். பள்ளிக்குத் தகவல் சொன்னபோது, தேர்வு முடியும் வரை பையனிடம் சொல்ல வேண்டாம், அனுப்பவும் மாட்டோம் என்றார்கள். பிள்ளையின் எதிர்காலம் என்றார்கள். அவர் பயந்து ஒப்புக்கொண்டார். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளில் பையன், "அப்பாயி எங்க?" என்று கேட்க, தூங்குது, கோயிலுக்குப் போயிருக்கு என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னார். நீட் முடிந்து வீட்டுக்கு வந்தவன் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தான்.

அப்பாயியின் இறுதிச் சடங்கில் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரன் அவன். எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பையன் இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். அப்பாவிடம் பணம் கேட்பதற்குத் தவிர வேறெதற்கும் பேசுவதில்லை. "நீ எங்கிட்ட இன்னும் என்னென்ன பொய் சொல்லிருக்க?" என்று ஒருமுறை கேட்டானாம். உத்தரவு பள்ளி போட்டது, கோபம் அப்பா மேல் விழுந்தது. அவன் எடுத்த மதிப்பெண்ணை நீங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த வீட்டில் உடைந்ததற்கு உங்கள் அலுவலகத்தில் பதிவேடு ஏதும் இல்லை. அதே விதியை இப்போது எல்லாப் பெற்றோருக்கும் எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள் என்பதால்தான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். விசிட்டிங் முடிந்த ராத்திரி சில பிள்ளைகள் அழுகிறார்கள், மறுநாள் படிப்பதில்லை என்கிறீர்கள். உண்மையாக இருக்கலாம். விசிட்டிங் ஞாயிறு எப்படி இருக்கும் என்று கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள், ஐயா. விடியற்காலை பஸ் பிடித்து வந்த குடும்பங்கள் புங்க மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். மீன் குழம்பு தூக்குச்சட்டியில் இருக்கும். ஆள் உயரத்துக்கு வளர்ந்த பையன்கள் அம்மா ஊட்டினால் வாங்கிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துப் பேன் பார்ப்பார்கள். நகம் வெட்டி விடுவார்கள். அந்த நேரத்தில்தான் பிள்ளை மெதுவாக, "கணக்கு சார் நேத்து என்னய எந்திரிச்சு நிக்க வச்சுட்டாரும்மா" என்று ஆரம்பிக்கும். வந்ததும் சொல்லாது. சாப்பிட்டு முடித்து, கிளம்புகிற நேரம் நெருங்கும்போது சொல்லும். அழுகிற பிள்ளை அன்றைக்கு அழுதுவிடுவது நல்லது. ஜனவரியிலிருந்து மே வரை அழாமல் வைத்திருந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

அம்மை, கண்வலி தொற்றும் என்கிறீர்கள். அப்படிப் பரவும்போது ஒரு ஞாயிறைத் தள்ளி வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டோம். சில பெற்றோர் செல்போனைத் திருட்டுத்தனமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்கிறீர்கள். பையைச் சோதியுங்கள். எல்லாப் பெற்றோரும் இந்த விதியை விரும்பிக் கேட்டார்கள் என்று முதல்வர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் மகளிடமும் யாரும் கேட்கவில்லை. அவள் வாழ்க்கையில் முடிவெடுக்கும்போது அவள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாததில் எனக்கு என் அப்பா காலம் நினைவுக்கு வருகிறது.

சட்டமும் கொஞ்சம் படித்தேன். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்டது. பெற்றோரைப் பிரிந்திருக்கும் குழந்தை அவர்களோடு முறையாக நேரடித் தொடர்பு வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்கிறது அதன் 9ஆவது பிரிவு. குழந்தை தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 12ஆவது பிரிவு சொல்கிறது. காவலில் வைக்கப்பட்ட குழந்தைக்கும்கூடக் கடிதம் வழியாகவும் சந்திப்பு வழியாகவும் குடும்பத்தோடு தொடர்பு இருக்க வேண்டும் என்கிறது 37ஆவது பிரிவு. 18 வயது நிரம்பாத எல்லோரும் அந்த உடன்படிக்கையில் குழந்தைகள்தான். இது அரசுகள் கையெழுத்திட்டது, தனியார் பள்ளியை நேராகக் கட்டாது என்று வழக்கறிஞர் வைத்து வாதாடலாம். நான் வாதாட வரவில்லை. குற்றம் சாட்டப்பட்ட ஒரு சிறுவனுக்கு உலகம் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சம், நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைக்கு உங்கள் சுற்றறிக்கையில் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்கள் எல்லாவற்றுக்குமான வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை பேட்ச் பேட்சாகப் பிரிப்பதையும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். டெலி மனாஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணை (14416) ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். பெற்றோருக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்த வேண்டும். உங்கள் வளாகத்தில் ஏ1, ஏ2, பி என்று பேட்ச் இருக்கிறது. ஆலோசகர் என்று யாரையும் என் மகள் பார்த்ததில்லை. அந்த 14416 எண் எந்தச் சுவரிலும் இல்லை. மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது, உங்கள் அறிவிப்புப் பலகையில் வாராவாரம் ரேங்க் ஒட்டப்படுகிறது.

நான் பயமுறுத்த எழுதவில்லை. ஆனால் 2022இல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம் இருந்தோம். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும், அதை நான் ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை தன் கஷ்டத்தை யாரிடமாவது சொல்லிவிட முடிகிற இடத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். சொல்வதற்கு இருக்கிற மிகப் பழைய இடத்தை நீங்கள் பூட்டுகிறீர்கள்.

வார்டன்களைப் பற்றி ஒரு வார்த்தை. என் மகள் இருக்கும் மாடியில் வார்டன் இருபத்தைந்து வயதுகூட ஆகாத பெண். அவளும் நாலரைக்கு எழுகிறாள், தன் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் ஆகிறது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறவள் அவள்தான். அவளை ஒட்டுக்கேட்கும் வேலைக்கு உட்கார வைத்திருப்பது அவளுக்கும் கஷ்டம். இந்த மடலால் அவள் மேல் கோபம் காட்டாதீர்கள், என் மகள் மேலும் காட்டாதீர்கள்.

நான் கேட்பவை இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் சந்திப்பை இந்த மாதமே தொடங்கி, நீட் முடியும் வரை நிறுத்தாமல் நடத்துங்கள். அடுத்த ஆண்டு ப்ளஸ் டூவுக்கு வரும் பிள்ளைகளுக்கும் அது பொருந்த வேண்டும்.

போனை ஸ்பீக்கரிலிருந்து எடுங்கள். கண்ணாடிக் கதவுள்ள ஓர் அறையில் பிள்ளை தனியாகப் பேசட்டும், வார்டன் வெளியிலிருந்து பார்க்கட்டும், கேட்க வேண்டாம். பெண்கள் விடுதியில் அந்த நேரத்தில் ஆண் ஊழியர் யாரும் இருக்கக் கூடாது. வாரம் இரண்டு முறை, குறைந்தது பத்து நிமிடம் வேண்டும். அம்மா, அப்பா இருவர் எண்ணையும் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்காகப் பள்ளியின் கணினியிலோ போனிலோ இணைய அழைப்புக்கு வழி செய்யுங்கள். இது எங்கள் ஒரு வீட்டுக்காக மட்டும் கேட்பதில்லை. உங்கள் பள்ளியில் அப்பா வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

குடும்பத்தில் நடக்கும் சாவு, நோய் பற்றிப் பிள்ளையிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வார்கள். அனுப்பச் சொல்லி எழுதிக் கேட்டால் அன்றே அனுப்புங்கள், அது தேர்வுக்கு முந்தைய நாளாக இருந்தாலும். அந்த விதியை நீக்கியதாக எழுத்தில் வேண்டும். போன ஆண்டு அப்படி மறைக்கச் சொன்னீர்களே, அந்தத் தகப்பனாரையும் மகனையும் தாளாளரே கூப்பிட்டு, அது பள்ளி எடுத்த முடிவு என்பதை அந்தப் பையனிடம் நேரில் சொல்ல வேண்டும். இதை நான் மிக முக்கியமாகக் கேட்கிறேன்.

மதிப்பெண்ணை மாதம் ஒருமுறை அனுப்பினால் போதும். தினசரிக் குறுஞ்செய்தியையும், போனில் கண்டிக்கச் சொல்லும் வரியையும் நிறுத்துங்கள். ரேங்க் பட்டியலைப் பலகையிலிருந்து எடுங்கள். ஆலோசகரை நியமித்து அவர் எந்த நாளில், எந்த அறையில் இருப்பார் என்று பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் தெரிவியுங்கள். 14416ஐ ஒவ்வொரு மாடியிலும் எழுதி வையுங்கள்.

பெற்றோர் கூட்டம் ஒன்றைப் பொதுத்தேர்வுக்கு முன் கூட்டுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம், நாங்கள் பேசுவோம், நீங்கள் கேளுங்கள். ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் சிலரும் அதில் உட்கார வேண்டும்.

வரும் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இந்த மடலையும் சுற்றறிக்கையின் நகலையும் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும், மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடமும் கொடுப்போம். என்னோடு கையெழுத்துப் போட மற்ற பெற்றோரும் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கும் ஒரு மாணவியின் தாய்,
புதுக்கோட்டை மாவட்டம்